அத்தியாயம் 6: உப்பியது, பிதுங்கியது, தூக்கி நிற்பது – வெளியே வந்ததை ஆங்கிலத்தில் சொல்லும் வழி

நாகரசம்பட்டியிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகளுக்கு எண், தேதி, அளவு, மெஷின் பெயர், ஷிப்ட் விவரம் எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வருகிறது. கை நின்றுபோவது ஒரே இடத்தில்தான். ஒரு பொருளில் ஏதோ ஒன்று இருக்க வேண்டிய மட்டத்தைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. அதற்கு என்ன எழுதுவது? ‘டேமேஜ்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். படிப்பவருக்கோ அது உடைந்ததா, கீறியதா, நசுங்கியதா, உப்பியதா என்று எதுவும் தெரிவதில்லை.

இப்படி ஒரு பேச்சு எந்த ஆலையிலும் நடக்கும்:

“சார், இந்த பீஸ்ல ஓரத்துல ஏதோ நீட்டினு இருக்குது சார்.”

“என்னப்பா நீட்டினு இருக்குது? பர்ரா, ஃபிளாஷா?”

“தெரியல சார். வெளிய வந்திருக்குது.”

சூப்பர்வைசர் கேட்ட கேள்வி மொழிப்பாடக் கேள்வி அல்ல. ‘பர்’ என்றால் மெஷின் ஷாப்பில் டூல் தேய்ந்திருக்கலாம். அங்கே ஆள் அனுப்ப வேண்டும். ‘ஃபிளாஷ்’ என்றால் டை காஸ்டிங்கில் அச்சு சரியாக மூடவில்லை. போன் அந்தப் பக்கம் போக வேண்டும். சொல் மாறினால் கூப்பிட வேண்டிய ஆள் மாறுகிறார். தவறான ஆள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதற்குள் கெட்ட பீஸ் ஒரு டிராலி நிறைந்துவிடும்.

ஆங்கில அகராதியைத் திறந்தால் இந்தக் குடும்பத்துக்கு இருபது முப்பது சொற்கள் கிடைக்கும். அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. அதைவிட நல்ல வழி உங்கள் வாயிலேயே இருக்கிறது. தமிழில் நாம் எல்லாவற்றையும் ஒரே வினையால் சொல்வதில்லை. பூரி உப்புகிறது, பிதுங்குவதில்லை. பற்பசை பிதுங்குகிறது, வீங்குவதில்லை. ஆணி துருத்துகிறது, உப்புவதில்லை. ஒவ்வொரு வினையும் அந்தப் பொருள் எப்படி வெளியே வந்தது என்பதைச் சேர்த்தே சொல்கிறது. ஆங்கிலச் சொற்களும் அப்படியே பிரிந்திருக்கின்றன. ஆகவே முதலில் தமிழ் வினையைச் சரியாகச் சொல்லுங்கள். உள்ளே இருந்து ஏதோ தள்ளியதா? இடுக்கு வழியாகப் பிதுங்கியதா? வெட்டிய இடத்தில் பிசிறாக மிஞ்சியதா? வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்ததா? மட்டத்துக்கு மேலே தூக்கி நிற்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் ஆங்கிலச் சொல் பாதி கிடைத்துவிட்டது.

உள்ளிருந்து தள்ளியவை

இதற்கு அடிப்படைச் சொல் ‘பல்ஜ்’. எழுத்து: பி-யூ-எல்-ஜி-இ. ‘பஸ்’ என்பதில் வருகிற முதல் ஒலியோடு தொடங்க வேண்டும். ‘பல்க்’ என்று கடைசி எழுத்தை மாற்றிச் சொன்னால் ‘மொத்தமாக’ என்று பொருள் போய்விடும். ஒரு பொருளின் சுவர் உடையாமல், உள்ளே இருக்கும் அழுத்தத்தால் வெளியே வளைந்தால் அது ‘பல்ஜ்’. கூட வருவது ‘ஸ்வெல்’, வீங்குதல். வீங்கிய நிலைக்கு ‘ஸ்வோலன்’. நடுவில் இரண்டு எல். ‘ஸ்வெல்’ என்றால் பொருள் மொத்தமாகப் பருத்தது. ‘பல்ஜ்’ என்றால் ஒரு பக்கம் மட்டும் தள்ளியிருந்தாலும் போதும்.

நம் மாவட்டத்தில் இந்தச் சொற்களுக்கு மிகவும் தேவை இருக்கும் இடம் மாங்கூழ் ஆலை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மாம்பழத்தில், கூழுக்குப் பெருமளவில் போவது தோத்தாபுரி. நாம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு மாங்காய் என்றும் சொல்வது. அந்த மூக்குக்கும் ஆங்கிலத்தில் பெயர் உண்டு. பழத்தின் அடிநுனிக்கு அருகே கூர்மையாக நீட்டியிருக்கும் பகுதியை மாம்பழ ரக விவரக் குறிப்புகளில் ‘பீக்’ என்று எழுதுவார்கள், அலகு என்ற பொருளில். ரகம் பிரித்து எழுதும் வேலையில் இருப்பவர்கள் இந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூழ் டப்பாவுக்கு வருவோம். ஏற்றுமதிக்குப் போகும் பெரிய தகர டப்பா 3.1 கிலோ கொள்ளும். நல்ல டப்பாவில் உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருக்கும். ஆகவே மேல்மூடியும் அடிமூடியும் தட்டையாகவோ சற்று உள்வாங்கியோ இருக்கும். மூடி வெளியே தள்ளினால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சொல்ல டப்பாத் தொழிலில் நான்கு சொற்கள் உண்டு. பொது அகராதிகள் இவற்றை இந்தப் பொருளில் தெளிவாகத் தருவதில்லை. ஆய்வாளர் கேட்கும்போது இந்த நான்கும் தெரிந்த ஆளுக்குத் தனி மதிப்பு.

முதலாவது ‘ஃபிளிப்பர்’. பார்வைக்கு டப்பா சரியாகவே இருக்கும். மேசை மேல் தட்டினால் ஒரு மூடி ‘டக்’ என்று வெளியே வரும். விரலால் அமுக்கினால் திரும்ப உள்ளே போய்விடும். அடுத்தது ‘ஸ்பிரிங்கர்’. ஒரு மூடி ஏற்கெனவே வெளியே தள்ளி இருக்கும். அதை அமுக்கினால் எதிர்ப்பக்க மூடி வெளியே வரும். மூன்றாவது ‘சாஃப்ட் ஸ்வெல்’. இரண்டு மூடியும் உப்பியிருக்கும், ஆனாலும் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். கடைசியில் ‘ஹார்டு ஸ்வெல்’. இரண்டு மூடியும் கல்லுப்போல் உப்பி நிற்கும். கை வைத்தால் அசையாது. இதன் பிறகு டப்பா வெடிப்பதுதான் மீதி. எனவே ‘ஹார்டு ஸ்வெல்’ டப்பாவை அமுக்கிப் பார்த்துச் சோதிக்காதீர்கள். திறக்காதீர்கள். சாய்த்து உருட்டாதீர்கள். தனியே ஒதுக்கி, அட்டை கட்டி, பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

காரணத்துக்கும் சொல் வேண்டும். மாங்கூழ் புளிப்பான பொருள். அதன் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருக்கும். அந்தப் புளிப்பில் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. ஆனால் புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட்டும் சில பாக்டீரியாக்களும் வளர்ந்து வாயு விடும். சூடு போதாமல் போனாலோ, மூடி மடிப்பில் கசிவு இருந்தாலோ இது நடக்கும். இன்னொன்று, கூழின் புளிப்பு தகரத்தையே அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவது. இதற்கு ‘ஹைட்ரஜன் ஸ்வெல்’ என்று பெயர். கிடங்கில் நாள்பட்ட டப்பாவிலும், உள்பூச்சு கீறிய டப்பாவிலும் இதை எதிர்பார்க்கலாம். அளவுக்கு மீறி நிரப்பினாலும் மூடி தள்ளும். வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், காரணம் உறுதியாகும்வரை ரிப்போர்ட்டில் காரணத்தை எழுத வேண்டாம். ‘ஹார்டு ஸ்வெல், போத் எண்ட்ஸ்’ என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை இரண்டு. சூடேற்றும் கலத்தில் அழுத்தம் திடீரென்று மாறினால் மூடியின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு முனை கிளம்பும். அது ‘பீக்கிங்’. வாயு காரணம் அல்ல. ஆனாலும் மடிப்பு கெட்டிருக்கலாம் என்பதால் பார்த்தாக வேண்டும். மற்றது இதற்கு நேர் எதிர்: டப்பாவின் உடல் உள்வாங்கி நசுங்கியது போல் இருக்கும். அது ‘பேனலிங்’. ‘டென்ட்’ என்று எழுதினால் யாரோ கீழே போட்டுவிட்டார்கள் என்று பொருள் ஆகிவிடும்.

மின்வண்டித் தொழில் நம் பக்கம் வந்த பிறகு ‘ஸ்வோலன் பேட்டரி’ என்ற சொல்லும் தினசரிப் பேச்சில் நுழைந்திருக்கிறது. போச்சம்பள்ளி வட்டத்தில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை 2021இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஓசூரில் இருசக்கர வாகனத் தொழில் அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தியது. லித்தியம் செல்லுக்குள் மின்பகுளி சிதைந்தால் வாயு உண்டாகும். அதிகமாக சார்ஜ் ஏறுவது, சூடு, வயது ஆகியவை அதற்கு வழக்கமான காரணங்கள். மென்மையான உறை கொண்ட செல் தலையணை போல் உப்பிவிடும். ‘ஸ்வோலன்’ என்று எழுதி, சார்ஜ் போடுவதை நிறுத்தி, தீப்பிடிக்கும் பொருள்கள் இல்லாத இடத்துக்கு அதை மாற்றச் சொல்லுங்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். குத்தினால் செல் பற்றிக்கொள்ளலாம்.

டயரில் ‘சைட்வால் பல்ஜ்’ என்று மெக்கானிக் எழுதுவது பக்கச்சுவரில் கிளம்பும் புடைப்பை. பள்ளத்தில் வேகமாக இறங்கி, உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அறுந்து, காற்று அந்த இடத்தைத் தள்ளுகிறது. பஞ்சர் ஒட்டுவதுபோல் இதை ஒட்ட முடியாது. டயரை மாற்ற வேண்டும். வாரண்டி கோரிக்கையிலும் விபத்து அறிக்கையிலும் ‘கட்’ என்று எழுதுவதும் ‘பல்ஜ்’ என்று எழுதுவதும் வேறு வேறு முடிவுகளுக்குப் போகும்.

பிதுங்கியதும் பிசிறும்

‘ஃபிளாஷ்’ என்பது பிதுங்கல். உருக்கிய அலுமினியத்தை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தும்போது, அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் இடுக்கு இருந்தால் உலோகம் அதன் வழியே தகடாக வெளியே வரும். பிளாஸ்டிக் மோல்டிங்கிலும் இதே கதை. பூட்டும் விசை போதாதது, சேரும் முகம் தேய்ந்தது, நடுவே ஒரு துணுக்கு மாட்டியது, செலுத்தும் அழுத்தம் கூடியது ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். ஃபோர்ஜிங்கில் ஃபிளாஷ் வருவது பெரும்பாலும் திட்டமிட்டதே. பிறகு டிரிம் செய்வார்கள். அங்கே ‘ஃபிளாஷ்’ வந்தது என்று புகார் எழுதினால் படிப்பவர் திகைப்பார். ‘டிரிம் செய்த பிறகும் ஃபிளாஷ் மிஞ்சியிருக்கிறது’ என்று எழுத வேண்டும்.

‘பர்’ என்பது பிசிறு. எழுத்து பி-யூ-ஆர்-ஆர். டிரில், பஞ்ச், மில்லிங் என்று எங்கே உலோகத்தை வெட்டினாலும் வெட்டு முடியும் விளிம்பில் ஒரு முள் நிற்கும். தகட்டில் பஞ்ச் அடித்தால், பஞ்ச் வெளியேறும் பக்கத்தில் பர் இருக்கும். நுழையும் பக்கத்தில் விளிம்பு உருண்டிருக்கும். எந்தப் பக்கம் என்பதை ரிப்போர்ட்டில் எழுதினால் டூல் ரூமுக்கு வேலை எளிது. பர் உயரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தால் டூல் மழுங்குகிறது. துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்விதைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். நாயுருவிப் புதரைத் தாண்டி வேட்டி கிழிய நடந்தவர்களுக்கு இந்தச் சொல் மறக்காது. பிசிறு கையைக் கிழிப்பதோடு நிற்பதில்லை. எண்ணெய்ப் பாதைக்குள் இருக்கும் ஒரு பர் உதிர்ந்து, ஓடும் இன்ஜினில் வால்வையோ பேரிங்கையோ போய் அடையும். அதனால்தான் வரைபடத்தின் ஓரத்தில் பிசிறு நீக்கு, கூர்விளிம்பை மழுக்கு என்ற குறிப்பு ‘டீபர்’ என்ற சொல்லோடு இருக்கும். சில வரைபடங்களில் எழுத்துக்குப் பதில் குறியீடு இருக்கும். ஐஎஸ்ஓ 13715 தரத்தின்படி விளிம்புக் குறியில் + இருந்தால் அங்கே அந்த அளவுவரை மிகுபொருள் வெளியே இருக்கலாம். − இருந்தால் பொருள் உள்ளே குறைந்திருக்க வேண்டும், பிசிறு இருக்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் குறியை யாரிடமாவது காட்டிக் கேட்டுவிடுங்கள்.

வெல்டர்களுக்கு ஒரு சொல். தகட்டு மட்டத்துக்கு மேலே வெல்டு மேடாக நின்றால் அமெரிக்க நூல்களில் அதை ‘ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்’ என்பார்கள். வலுவூட்டல் என்ற பொருள் வருவதால், மேடு எவ்வளவு உயர்ந்தாலும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. அளவு மீறிய மேட்டின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்க இடம் கிடைக்கும். ஐஎஸ்ஓ 5817 இதையே ‘எக்ஸெஸ் வெல்டு மெட்டல்’ என்கிறது, அதாவது மிகுந்துபோன வெல்டு உலோகம். எனக்கு இந்தப் பெயர்தான் நேர்மையானதாகப் படுகிறது. தேர்வுக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

வேண்டுமென்றே வைத்தவை

குறையாக இல்லாமல், வடிவமைத்தவரே வெளியே நீட்டி வைத்தவற்றுக்குத் தனிப் பெயர்கள். இவற்றை ‘பல்ஜ்’ என்றோ ‘பம்ப்’ என்றோ எழுதினால் நல்ல பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடும்.

‘லக்’ என்பது காது. ஸ்காட்லாந்துப் பேச்சில் இந்தச் சொல்லுக்கே காது என்று பொருள். வாணலிக்குக் காது என்று நம் வீட்டில் சொல்வதைப் போலவே அவர்களும் பிடிக்கவோ மாட்டவோ நீட்டி வைத்த பகுதிக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். எலெக்ட்ரீஷியன் கேபிள் முனையில் அடிக்கும் ‘லக்’, டிராக்டர் டயரில் மண்ணைக் கவ்வும் ‘லக்’, வார்ப்பில் போல்ட் மாட்டும் ‘லக்’, எல்லாம் ஒரே சொல். ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழில் வேரூன்றியதால் இன்னொரு பயனும் இங்கே வழங்குகிறது: கடிகார உடலிலிருந்து பட்டையைப் பிடிக்க நீளும் நான்கு கொம்புகளும் ‘லக்’தான். பக்கத்தில் நீட்டியிருக்கும் திருகு ‘கிரவுன்’.

‘பாஸ்’ என்பது வார்ப்பில் துளையைச் சுற்றி எழுப்பிய வட்ட மேடு. போல்ட்டின் மரை பிடிக்கப் போதிய ஆழம் வேண்டும் என்பதற்காகவும், போல்ட் தலை உட்காரத் தட்டையான முகம் வேண்டும் என்பதற்காகவும் இதை வைக்கிறார்கள். இந்தச் சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வாயில் தேர்ச்சி ‘பாஸ்’, முதலாளி ‘பாஸ்’, வார்ப்பு மேடு ‘பாஸ்’ மூன்றும் ஒன்றாகவே விழும். போனில் “பாஸ் ஓகே” என்று சொன்னால் பீஸ் தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே மேட்டைச் சொல்லும்போது ‘பாஸ் அரவுண்ட் ஹோல் 3’ என்று துளை எண்ணைச் சேர்த்துச் சொல்லுங்கள். தேர்வு முடிவுக்கு ‘அக்செப்டட்’, ‘ரிஜெக்டட்’ என்ற சொற்களையே வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது மேடு பி-ஓ-எஸ்-எஸ். துளைக்குள் தனியாகத் திணிக்கும் வளையம் ‘புஷ்’, அது வேறு.

‘ரிப்’ விலா எலும்பு. பிளாஸ்டிக் பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் மெல்லிய சுவர்களாக நிற்கும். எடையைக் கூட்டாமல் விறைப்பைக் கூட்டும். ரிப் தடித்துவிட்டால் முன்முகத்தில் அதே இடத்தில் லேசாகக் குழி விழும்; அது ‘சிங்க் மார்க்’. ‘ஃபிளேஞ்ச்’ குழாய் முனையில் விரியும் வளையம், அல்லது தகட்டின் ஓரத்தை மடித்து எழுப்பிய விளிம்பு. வெல்டு நட்டின் அடியில் இருக்கும் சின்னச் சின்னக் குமிழ்கள் ‘ப்ரொஜெக்‌ஷன்’. மின்னோட்டம் பாயும்போது அவை உருகித் தகட்டோடு பிடித்துக்கொள்ளும். அதுதான் ப்ரொஜெக்‌ஷன் வெல்டிங். அந்தக் குமிழைக் குறையென்று நினைத்து அரம் போட்டுத் தேய்த்தால் நட்டு பிடிக்காது.

மட்டத்துக்கு மேலே

ஒரு திருகின் தலை தகட்டோடு சமமாக உட்கார்ந்திருந்தால் ‘ஃபிளஷ்’. எஃப்-எல்-யூ-எஸ்-எச். முன்பு பார்த்த ‘ஃபிளாஷ்’ எஃப்-எல்-ஏ-எஸ்-எச். ஓர் எழுத்து மாறினால் ‘சமமாக இருக்கிறது’ என்பது ‘பிதுங்கியிருக்கிறது’ என்று ஆகிவிடுகிறது. போனில் சொல்லும்போது எழுத்துக்கூட்டிச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

தலை தூக்கி நின்றால்? பிரிட்டிஷ் பட்டறைப் பேச்சில் ‘ஸ்டாண்ட்ஸ் புரவுட்’ என்பார்கள். பெருமைக்கு வரும் அதே ‘புரவுட்’. நம்முடைய ‘தூக்கினு நிக்குது’ என்பதற்கு இவ்வளவு பொருத்தமான இன்னொரு சொல்லை நான் பார்த்ததில்லை. ஆனால் ஜப்பானிய, கொரிய, ஜெர்மன் வாடிக்கையாளர்களுக்குப் போகும் அறிக்கையில் இதை எழுத வேண்டாம். ஆங்கிலத்தை வேலைக்காகக் கற்ற அவர்களுக்கு இது புரியாமல் போகலாம். ‘0.2 எம்எம் அபவ் தி சர்ஃபேஸ்’ என்று எழுதினால் எந்த நாட்டாருக்கும் புரியும்.

பொதுவாக எங்கும் செல்லும் சொல் ‘ப்ரொட்ரூட்’, துருத்துதல். பெயர்ச்சொல் ‘ப்ரொட்ரூஷன்’. பின்னால் ‘அவுட்’ சேர்க்கத் தேவையில்லை. வெளியே என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. துருத்துவது எல்லாமே குறை அல்ல. நட்டைத் தாண்டி போல்ட்டின் மரை இரண்டு மூன்று புரி வெளியே தெரிய வேண்டும் என்று வேலைக் குறிப்புகள் பல கேட்கும். அங்கே துருத்தாமல் இருப்பதுதான் குறை.

‘ப்ரொட்யூபரன்ஸ்’ என்று இன்னொன்று உண்டு. ‘ப்ரொட்ரூட்’ என்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இதிலும் டி-க்குப் பிறகு ஓர் ஆர் சேர்த்து எழுதிவிடுகிறார்கள், ஆங்கிலேயரே கூட. சரியான எழுத்து: பி-ஆர்-ஓ-டி-யூ-பி-இ-ஆர்-ஏ-என்-சி-இ. இரண்டும் ஒரே வேரில் வந்தவை அல்ல. முதலாவதன் லத்தீன் வேர் தள்ளுதலைக் குறிக்கும். இரண்டாவதன் வேர் கிழங்குக்கு வழங்கும் ‘டியூபர்’ என்ற சொல். எனவே ஆணி துருத்தினால் ‘ப்ரொட்ரூஷன்’. மரத்தண்டில் கிழங்குபோல் புடைத்த கணு ‘ப்ரொட்யூபரன்ஸ்’.

எதுவும் நினைவுக்கு வரவில்லையென்றால் ‘ஸ்டிக்ஸ் அவுட்’. பேச்சுக்கு முழுக்கச் சரியானது; கூடவே அளவைச் சொல்லிவிட்டால் எவரும் குறை சொல்ல முடியாது.

ஆலைக்கு வெளியே

கிரானைட் குவாரியில் வேலை செய்பவர்களுக்கு ஒரே ஒரு சொல் கட்டாயம்: ‘ஓவர்ஹேங்’. கீழே குடைந்ததால் மேலே பாறை அந்தரத்தில் முந்தி நிற்பது. 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் இப்படிக் குடைந்து பாறையைத் தொங்கவிடுவதைத் தடை செய்கின்றன. மேற்பார்வைக்கு வருபவர் ‘ஓவர்ஹேங்’ என்றால் அதன் அடியில் நிற்பவர் உடனே விலக வேண்டும். நிலத்துக்கு மேலே தலைகாட்டும் பாறை ‘அவுட்கிராப்’. அது ஆபத்துச் சொல் அல்ல.

லாரியில் கம்பி ஏற்றும்போது வண்டியின் உடலைத் தாண்டி நீட்டினால் ‘ப்ரொஜெக்டிங் லோடு’. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் இதற்கு 20,000 ரூபாய் அபராதம். சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரருடையதே. தேசிய நெடுஞ்சாலை 44இல் இரவில் முன்னே போகும் லாரியின் கம்பி கண்ணுக்குத் தெரியாது என்பதை இருசக்கர வண்டியில் ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பில்லிலோ கேட் பாஸிலோ இந்தச் சொல்லைப் பார்த்தால் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

வேகத்தடையை நாம் ‘ஸ்பீடு பிரேக்கர்’ என்கிறோம். வெளிநாட்டவருக்கு ‘ஸ்பீடு ஹம்ப்’ என்றால் அகலமாக, மெதுவாக ஏறி இறங்குவது; ‘ஸ்பீடு பம்ப்’ என்றால் குறுகலாக, தூக்கிப் போடுவது. ‘ஹம்ப்’ எருதின் திமிலுக்கும் அதே சொல்.

உடம்புக்கு வந்தால், இடித்துக்கொண்டு புடைத்தது ‘பம்ப்’. கை கால் வீங்கினால் ‘ஸ்வெல்லிங்’. தோலுக்கு அடியில் கையில் தட்டுப்படும் கட்டி ‘லம்ப்’. சூடு பட்டு எழும் நீர்க்கொப்புளம் ‘பிளிஸ்டர்’. இஎஸ்ஐ மருத்துவரிடம் ‘லம்ப்’ என்று சொல்ல வேண்டியதை ‘பம்ப்’ என்று சொன்னால் அடிபட்டது என்று எடுத்துக்கொள்வார். கட்டி விஷயத்தில் அந்தத் தவறு நேரக் கூடாது. சொல் வராவிட்டால் தமிழிலேயே சொல்லித் தொட்டுக் காட்டுங்கள்.

எழுதிப் பழக

ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுத நான்கு விவரம் போதும்: எந்த இடம், எந்தச் சொல், எவ்வளவு, எதிலிருந்து அளந்தது. ‘பர் ஆன் எக்சிட் சைட் ஆஃப் ஹோல் 5, 0.3 எம்எம்’ என்பதில் இலக்கணம் அதிகம் இல்லை; வேலை நடந்துவிடும். ‘டூ மச் பர்’ என்று எழுதினால் யாருக்கு எவ்வளவு ‘டூ மச்’ என்ற சண்டைதான் மிஞ்சும்.

இன்று வீட்டில் ஒரு சுற்று வந்து இவற்றுக்குப் பெயர் எழுதுங்கள்: வாணலியின் காது, கதவில் தலை தூக்கி நிற்கும் திருகு, பைப்பின் முனையில் விரிந்த விளிம்பு, பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் இருக்கும் குறுக்குச் சுவர்கள், பக்கெட்டின் ஓரத்தில் கையைக் கீறும் மெல்லிய பிதுங்கல், பழைய செல்போனின் முதுகு. முதல் ஐந்துக்கும் விடை இந்த அத்தியாயத்திலேயே இருக்கிறது. செல்போனின் முதுகு தள்ளியிருந்தால் விடை எழுதுமுன் அதை அணைத்துவிடுங்கள்.

சுவரையும் பாருங்கள். பெயின்ட் மட்டும் எழும்பியிருந்தால் ‘பிளிஸ்டர்’. ஈரம் காரணமாக இருக்கும், அவசரம் இல்லை. தட்டினால் பொத்தென்று ஓசை வந்து பூச்சு கிளம்பியிருந்தால் ‘ஹாலோ பிளாஸ்டர்’. சுவரே வயிறு தள்ளியிருந்தால் ‘பல்ஜிங் வால்’. நூல் பிடித்துப் பார்த்து, நடுவில் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அன்றைக்கே ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்; அதுவரை அந்தச் சுவரோரம் யாரையும் படுக்கவிட வேண்டாம்.